ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது – கடிதம்

அன்புள்ள சார்,

தமிழ்வழியில் படித்து, இப்போது ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆங்கிலத்தில் மெயில் எழுதுவேன். யாராவது ஏதாவது கேட்டால் பதிலும் சொல்லிவிடுவேன். ஆனால் நானாக ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் வாய் வருவதில்லை. ஒருநாள் போனில் 'டிட் யூ வென்ட்' என்று கேட்டுவிட்டேன். பக்கத்து சீட்டில் சிரித்தார்கள். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' என்று எழுதியதையும் திருத்தினார்கள். கேள்வி என்றால் 'இஸ்' முன்னால் வர வேண்டும் என்றுதானே பள்ளியில் சொன்னார்கள்? பன்னிரண்டு டென்ஸுக்கும் பன்னிரண்டு அட்டவணை மனப்பாடம் செய்திருக்கிறேன், பேசும்போது ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி இருக்கிறதா? மீட்டிங்கில் சந்தேகம் வந்தாலும் இப்போதெல்லாம் கேட்காமலே இருந்துவிடுகிறேன்.

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

இருக்கிறது. அந்த விதி மிகச் சிறியது. அதைச் சொல்லாமல் பன்னிரண்டு அட்டவணைகளைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறோமே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

முதலில் நம் தமிழ் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வரும்; ஆ, ஓ இரண்டும் கடைசியில் வரும்; ஏ இரண்டு இடத்திலும் வரும் என்கிறது நன்னூல். நமக்குக் கேள்வி என்பது ஓர் எழுத்தைச் சேர்ப்பது, அவ்வளவுதான். 'நீ நேற்று ஊருக்குப் போனாய்' என்பதில் எந்தச் சொல்லோடும் அந்த ஆ ஒட்டிக்கொள்ளும். நீயா போனாய், நேற்றா போனாய், ஊருக்கா போனாய், போனாயா. நான்கும் வெவ்வேறு சந்தேகங்கள், ஆனால் சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆங்கிலத்தில் அப்படி ஒட்டவைக்க ஓர் எழுத்து கிடையாது. அங்கே இடம் மாறினால்தான் கேள்வி. எது மாறுகிறது? எழுவாய்க்கு அடுத்து நிற்கும் முதல் துணைவினை, பள்ளியில் 'ஹெல்பிங் வெர்ப்' என்று படித்தது, எழுவாய்க்கு முன்னால் போய் நிற்கிறது. 'ஷீ இஸ் கமிங்', 'இஸ் ஷீ கமிங்'. 'தே ஹாவ் பெய்ட்', 'ஹாவ் தே பெய்ட்'. துணைவினைகள் வரிசையாக நின்றாலும் முதலாவது மட்டுமே நகரும். 'ஷீ வுட் ஹாவ் பீன் வெயிட்டிங்' என்பது 'வுட் ஷீ ஹாவ் பீன் வெயிட்டிங்' ஆகும், மற்றவை அசையாது. எப்போது, எங்கே, ஏன் வேண்டுமென்றால் அந்தச் சொல்லை இன்னும் முன்னால் வையுங்கள்: 'வென் இஸ் ஷீ கமிங்'. உங்கள் பன்னிரண்டு அட்டவணையும் இந்த ஓர் அசைவுக்குள் அடங்கிவிடும்.

சரி, துணைவினையே இல்லாத வாக்கியம்? 'ஷீ லைக்ஸ் காபி', 'யூ வென்ட் தேர்'. உங்களைச் சிக்கவைத்தது இந்த இடம்தான். ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் இங்கே முதன்மை வினையையே தூக்கி முன்னால் வைத்தார்கள். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் 'லவ்வெஸ்ட் தவ் மீ', அதாவது 'நீ என்னை நேசிக்கிறாயா' என்றுதான் கேட்கிறார். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ, 'கேம் ஹீ நாட் ஹோம் டுநைட்' என்கிறான், இரவு அவன் வீட்டுக்கு வரவில்லையா என்று. அந்தக் காலத்திலேயே 'டூ' போட்டுக் கேட்பதும் பரவிக்கொண்டிருந்தது, இரண்டும் அக்கம்பக்கமாக ஓடின. பிறகு 'டூ' வென்றது. இன்று 'பீ' குடும்பத்து வினைகள் மட்டும்தான் பழையபடி தாங்களே முன்னால் போகின்றன: 'ஆர் யூ ரெடி'. பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் 'ஹாவ் யூ எ பென்' என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் அந்த வழக்கத்தின் மிச்சம்.

இந்த 'டூ'வுக்கு இங்கே தனியாக அர்த்தம் எதுவும் இல்லை. நகர்வதற்கு ஒரு துணைவினை வேண்டும், இல்லாததால் வரவழைக்கிறோம். வந்தது சும்மா வருவதில்லை, காலத்தையும் தானே வாங்கிக்கொள்கிறது. 'லைக்ஸ்' என்பதில் இருந்த அந்த 'ஸ்' 'டஸ்' ஆகிவிட்டது, மிச்சம் 'லைக்': 'டஸ் ஷீ லைக் காபி'. 'வென்ட்' என்பதில் இருந்த இறந்தகாலம் 'டிட்' ஆகிவிட்டது, மிச்சம் 'கோ': 'டிட் யூ கோ'. 'டிட் யூ வென்ட்' என்றால் இறந்தகாலத்தை இரண்டு முறை சொன்னதாகிறது. உங்கள் தவறு இவ்வளவுதான்.

உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்காது. ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளும் பேசப் பழகும்போது 'டிட்' போட்டுவிட்டுக் கூடவே இறந்தகால வினையையும் போடுகிறார்கள். 'வேர் டாடி கோயிங்' என்று துணைவினையை விட்டுவிட்டும் கேட்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைகள் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளும் படிகளை எட்வர்ட் கிளிமாவும் உர்சுலா பெலூகியும் 1966-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. இந்த விதி மனதில் படியச் சற்றுக் காலம் ஆகும், அவர்களுக்கும் நமக்கும்.

அடுத்தது உங்கள் வேலையில் தினமும் வரக்கூடியது, அதனால் நின்று சொல்கிறேன். 'ஹூ கால்ட் யூ' என்பதற்கும் 'ஹூ டிட் யூ கால்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது, யார் உங்களைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது, நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள். தமிழில் ஓர் ஐ உருபு இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. பேச்சு ஆங்கிலத்தில் 'ஹூ' இரண்டுக்கும் ஒன்றே, ஆகவே 'டிட்' வருகிறதா இல்லையா என்பதே அடையாளம். கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் அதைத் தாண்டி முன்னால் போக எதுவும் இல்லை. எதுவும் நகரவில்லை, அதனால் 'டூ'வும் தேவையில்லை. 'வாட் ஹேப்பண்ட்' சரி, 'வாட் டிட் ஹேப்பன்' என்பது சாதாரணமாக யாரும் கேட்காதது. நுகர்வோர் புகார் ஒன்றை எழுதிக்கொள்ளும்போது இந்த ஒரு 'டிட்' இடம் மாறினால், யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்பதே தலைகீழாகிவிடும்.

இப்போது 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ'. இதில் உங்கள் தமிழ்தான் பேசுகிறது, அதற்காக வெட்கப்பட வேண்டாம். 'அவர் எங்கே இருக்கிறார்?' என்பது நேர்க்கேள்வி. அதை 'என்று தெரியவில்லை' என்பதற்கு முன்னால் அப்படியே வைத்துவிடுகிறோம், ஒரு சொல்லும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போனதும் இடமாற்றம் ரத்தாகிவிடும். 'ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்'. வாக்கியம் முழுவதுமே கேள்வியாக இருந்தாலும் அப்படித்தான்: 'குட் யூ டெல் மீ வேர் யுவர் ஆபீஸ் இஸ்'. அங்கே நகர வேண்டியது 'குட்', அது நகர்ந்துவிட்டது. உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது. 'டூ'வும் உள்ளே வராது: 'டூ யூ நோ வாட் ஹீ வாண்ட்ஸ்'. ஆமா-இல்லை கேள்வி உள்ளே போனால் 'இஃப்' அல்லது 'வெதர்' போடுங்கள்: 'ஐ வாண்ட் டு நோ இஃப் யூ காட் த பார்சல்'. அயர்லாந்தில் 'ஹீ ஆஸ்க்ட் மீ வாஸ் ஐ கமிங்' என்று உள்ளேயும் இடம் மாற்றிப் பேசுகிறார்கள், அது அவர்களுடைய வட்டார வழக்கு. அலுவலக மெயிலுக்கு அது உதவாது.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் கவனம். 'சாப்பிடலையா?' என்றால் நாம் 'ஆமா, சாப்பிடல' என்போம். 'டிடன்ட் யூ கெட் த மெயில்' என்று கேட்கிறவரிடம் மெயில் வரவில்லை என்பதை 'யெஸ்' என்று சொன்னால், வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். வரவில்லை என்றால் 'நோ', கேள்வி எப்படி இருந்தாலும். அப்புறம், எல்லா வாக்கியத்தின் முடிவிலும் 'இஸ்ன்ட் இட்' சேர்ப்பது நம் 'இல்லையா'வின் நிழல். பேச்சில் இந்தியா முழுக்க ஓடுகிறது, எழுத்தில் தவிர்த்துவிடுங்கள்.

பயிற்சிக்குப் புத்தகம் தேவையில்லை. உங்கள் வேலையில் நாள்தோறும் கேட்க வேண்டியவை எப்படியும் ஒரே மாதிரிதான் இருக்கும்: எப்போது வாங்கினீர்கள், பில் இருக்கிறதா, யார் டெலிவரி செய்தார்கள். முதலில் பதிலை முழு வாக்கியமாக எழுதுங்கள். அதில் துணைவினை எது என்று கோடிடுங்கள், இல்லையென்றால் 'டூ'வை வரவழையுங்கள், பிறகு நகர்த்துங்கள். எழுதியதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்குப் புரிந்தது நாக்குக்கு வர அது ஒன்றுதான் வழி.

மீட்டிங்கில் கேட்காமல் இருந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். என்னை வருத்தியது அந்த வரிதான். நாளைக்கே கேளுங்கள். வாக்கியம் அமையாவிட்டால், சொன்னதை உறுதிசெய்துகொள்ள 'த கஸ்டமர் பெய்ட் ஆல்ரெடி?' என்று கடைசியில் குரலை உயர்த்தினால் போதும். சொல் எதுவும் நகராது, ஆனாலும் அது ஆங்கிலேயர்களே பேச்சில் கேட்கும் சரியான கேள்விதான். 'வேர்', 'வென்' கேட்கும்போது இது உதவாது, அங்கே நகர்த்தத்தான் வேண்டும். அதில் தடுமாறினால் ஒருமுறை நிறுத்தி, திருத்தி, திரும்பக் கேளுங்கள்.

அன்புடன்.