பிரசவத்துக்கு முன்பே பம்ப் வாங்கி வைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு இது எட்டாவது மாதம், முதல் குழந்தை. பிரசவத்துக்குப் பின் நான்கு மாதம் விடுப்பு. அதன் பிறகு முழுநேர வேலைக்குத் திரும்பிவிடுவேன். விடுப்புக் காலத்தில் பாதிச் சம்பளம்தான் வரும். தாய்ப்பால் கொடுக்கத் தேவைப்படும் என்று நான் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் இரண்டு மார்பிலிருந்தும் ஒரே நேரத்தில் பால் எடுக்கும் இரட்டை மின்பம்ப், உடைக்குள் அணியும் பம்ப், ஸ்டெரிலைசர், பால் சேமிக்கும் பைகள் 200, பாட்டில் சூடாக்கும் கருவி, ஐந்து நர்சிங் பிராக்கள், கசியும் பாலை உறிஞ்சும் பேடுகள், தலையணை, கிரீம் என்று 14 பொருள்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. இப்போது தள்ளுபடி நடக்கிறது. தோழி ஒருத்தி தான் ஓராண்டு பயன்படுத்திய பம்பை இலவசமாகத் தருவதாகவும் சொல்கிறாள். இப்போதே வாங்கிவிடலாமா? எதை விடலாம்?

பதில்: சம்பளம் பாதியாகப் போகும் நேரத்துக்குச் சற்று முன்பு ஒரு மாதச் சம்பளத்தைப் பொருள்களாக மாற்றிவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். நீங்கள் ஒதுக்கிய தொகையை அப்படியே ஒரு தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து இப்போது கம்பி இல்லாத மென்மையான பிரா இரண்டும் பேடு ஒரு பொட்டலமும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற 12 பொருள்களில் எது வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விவரங்கள் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. குழந்தை நன்றாகப் பற்றிக் குடிக்குமா, உங்கள் உடல் அளவு எப்படி மாறும், வேலைநாளில் எத்தனை மணி நேரம் குழந்தையைப் பிரிந்திருப்பீர்கள் என்ற மூன்றும் பிரசவத்துக்குப் பின்தான் தெரியும். பிரித்த பெட்டியைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கும் கடைகளே அதிகம் என்பதால், இந்த வகைப் பொருள்களில் தவறான தேர்வு பெரும்பாலும் முழு நஷ்டமாகவே முடியும். உத்தரவாதக் காலமும் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. ஐந்து மாதம் அலமாரியில் இருந்த பம்பின் ஓராண்டு உத்தரவாதத்தில் நீங்கள் உண்மையில் பயன்படுத்துவது ஏழு மாதம்தான்; தள்ளுபடியில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

முதல் வாரங்களில் பம்ப் இல்லாமல் தவித்துப்போவோம் என்ற பயம்தான் முன்கூட்டியே வாங்கத் தூண்டுகிறது. பால் சுரப்பு நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் அந்தப் பயம் பெரிதும் குறையும். பிறந்தவுடன் வருவது சீம்பால். அது அளவில் மிகக் குறைவு, கெட்டியானது. பம்பின் குழாயிலும் மார்பில் பொருத்தும் புனலிலும் ஒட்டிக்கொண்டு வீணாவதை விடக் கையால் பீய்ச்சி ஒரு கரண்டியில் பிடிப்பதே எளிது. 2 முதல் 5 நாள்களுக்குள் பால் பெருகத் தொடங்கும். அதன் பிறகு மார்பிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறதோ அதற்கேற்பவே உடல் மறுபடி சுரக்கிறது. குழந்தை நன்றாகக் குடித்துக்கொண்டிருக்கும்போது சேமிப்புக்காக என்று முதல் வாரத்திலிருந்தே பம்ப் செய்தால், தேவைக்கு மீறிச் சுரந்து பால் கட்டிக்கொள்ளவும் வலி எடுக்கவும் வாய்ப்பு உண்டு. கையால் பீய்ச்சும் முறையை மருத்துவமனையில் இருக்கும்போதே செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் இருக்க வேண்டிய, ஆனால் இல்லாத, செலவே இல்லாத திறன் அது.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலோ, மார்பைப் பற்றிக் குடிக்க முடியாத நிலையில் இருந்தாலோ, பிறந்த சில மணி நேரத்திலேயே பால் எடுக்கத் தொடங்கி, நாளுக்கு எட்டு முறை அல்லது அதற்கும் மேல் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது தேவைப்படுவது மருத்துவமனைத் தரத்துப் பம்ப். பலர் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட அந்தக் கருவியை வாடகைக்கு எடுப்பதே சரி. நீங்கள் வாங்க நினைக்கும் பம்பின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு மாத வாடகை என்றால், ஐந்து மாதம் வரை வாடகை நஷ்டமில்லை. பெரும்பாலோருக்கு இந்த நெருக்கடி அதற்கு முன்பே தீர்ந்துவிடும். வாடகைக்குத் தருபவர் யார், முன்பணம் எவ்வளவு என்று இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசாரிப்பதற்குச் செலவில்லை, அந்த நாளில் விசாரிக்க உங்களுக்குத் தெம்பு இருக்காது.

குழந்தை நிறைமாதத்தில் பிறந்து நன்றாகக் குடிக்கிறது, நான்கு மாதம் முடிந்து வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். பயணத்தையும் சேர்த்து ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால், மூன்று மணிக்கு ஒரு முறை என்று நாளுக்கு மூன்று முறை பால் எடுக்க வேண்டும். வாரத்துக்கு 15 முறை. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை ஏறத்தாழ 35 வாரங்கள் என்றால் 525 முறை. ஆறு மாதத்துக்குப் பின் திட உணவு தொடங்கியதும் எண்ணிக்கை குறையும் என்பதால் 400 என்றே கொள்வோம். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் எடுக்கும் ஒற்றைப் பம்பில் அரை மணி நேரம் பிடிக்கும் வேலை, இரண்டு பக்கமும் சேர்ந்து இயங்கும் பம்பில் கால் மணி நேரத்தில் முடிகிறது. 400 முறைக்கு மிச்சமாவது 100 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தை 100ஆல் பெருக்கி, ஒற்றைப் பம்புக்கும் இரட்டைப் பம்புக்கும் உள்ள விலை வித்தியாசத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தாய்ப்பால் இலவசம் என்று சொல்பவர்கள் தாயின் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நான் சேர்க்கிறேன், ஆகவே உங்கள் பட்டியலில் விலை அதிகமான இரட்டை மின்பம்பை நீக்கச் சொல்ல மாட்டேன், மூன்று மாதம் முடிந்தபின் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இதே கேள்வியை, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே போகும் தாய் கேட்டிருந்தால், கைப்பம்ப் ஒன்று போதும் என்று பதில் எழுதியிருப்பேன். உடைக்குள் அணியும் பம்பை இரண்டாவதாக வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். வேலை செய்துகொண்டே எடுக்கலாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் பலருக்கு அது மார்பை முழுமையாகக் காலி செய்வதில்லை. அலுவலகத்தில் தனியறை கிடைக்குமா என்பது தெரியாமல் அந்த வசதிக்கு விலை கொடுக்கத் தேவையில்லை.

பம்பின் விலையை விடப் பம்பின் புனல் அளவில் கவனம் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் முதல் குழந்தையின்போது பெட்டியோடு வந்த புனலையே பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தேன். பால் குறையக் குறைய இழுவிசையைக் கூட்டினேன். ஆறு வாரம் கழித்து ஒரு பாலூட்டல் ஆலோசகர் அளவெடுத்துப் பார்த்தபோது, எனக்குத் தேவையானதை விட அந்தப் புனல் பெரியது என்று தெரிந்தது. பெட்டிகளில் பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர் புனல்கள் இருக்கும். அதை விடச் சிறியது தேவைப்படும் பெண்கள் பலர். முலைக்காம்பின் விட்டத்தை அளந்துதான் புனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரசவத்துக்கு முன் எடுத்த அளவு பின்னால் பொருந்தாமல் போகக்கூடும். இழுவிசை கூடினால் பால் கூடும் என்பதும் தவறான எண்ணம்; வலி வந்தால் பால் இறங்குவது தடைப்படும். ஆலோசகருக்கு நான் கொடுத்த ஒரு முறைக் கட்டணம், அந்த ஆண்டு நான் செய்த செலவுகளிலேயே மிகச் சரியான செலவு. உங்கள் தொகையிலும் அதற்கென்று ஒரு பங்கை ஒதுக்கி, எதற்காகவும் அதைத் தொடாதீர்கள். பிரசவித்த மருத்துவமனையிலேயே அந்த உதவி கட்டணமின்றிக் கிடைத்தால் இன்னும் நல்லது.

தோழியின் அன்பை மதித்து, பம்பை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் பயன்பாட்டுக்கான பம்பை ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தெளிவாகச் சொல்கிறது. திறந்த அமைப்புள்ள பம்புகளில் பால் துளிகளும் ஈரமும் மோட்டார் வரை போய்விடும். அங்கே கழுவ வழியில்லை. புனலையும் குழாயையும் புதிதாக மாற்றினாலும் உள்ளே தங்கிய கிருமியோ பூஞ்சையோ போகாது. பால் மோட்டாருக்குள் போகாதபடி தடுப்பு வைத்த, மூடிய அமைப்பு என்று சொல்லப்படும் பம்புகளையும் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஒருவருக்கென்றே விற்கிறார்கள். நிதி ஆலோசகராக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓராண்டு ஓடிய மோட்டாருக்கு உத்தரவாதம் பெரும்பாலும் முடிந்திருக்கும், இழுவிசையும் தளர்ந்திருக்கலாம். நீங்கள் வேலைக்குத் திரும்பும் வாரத்தில் அது நின்றுபோனால், அவசரத்தில் கிடைத்ததை முழு விலைக்கு வாங்க நேரும். தலையணை, துணிப் பேடுகள், பாலூட்ட வசதியான மேலாடைகள், கண்ணாடிப் பாட்டில்கள் ஆகியவற்றை அவரிடமிருந்து மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலின் நிப்பிளை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.

பால் சேமிக்கும் பைகள் 200 என்ற எண்ணிக்கை, உறைபெட்டி நிறையப் பால் இருந்தால்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நினைப்பிலிருந்து வருகிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை உள்ள குழந்தை, தாய்ப்பால் மட்டுமே குடித்தால், சராசரியாக நாளுக்கு 750 முதல் 800 மில்லிலிட்டர் வரை குடிக்கும். ஒன்பது மணி நேரப் பிரிவுக்கு அதில் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் வேண்டும். முதல் நாளுக்கு அந்த 300ம், சிந்தினாலோ கெட்டாலோ சமாளிக்க இன்னொரு நாளுக்கு உரியதும் இருந்தால் போதும். திங்கட்கிழமை நீங்கள் எடுப்பதைச் செவ்வாய்க்கிழமை குழந்தை குடிக்கும். குளிர்பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் தாய்ப்பால் 4 நாள் வரை கெடாது என்பதால், மூடியுள்ள சிறு பாட்டில்கள் ஆறு இருந்தாலே வாரம் முழுதும் சுழற்சி நடக்கும். உறைய வைப்பதற்கென்று 25 பைகள் வாங்கினாலே தாராளமாகப் போதும். உறைந்த பாலை 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது; உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. 60 முதல் 120 மில்லிலிட்டர் அளவில் பிரித்து வைத்தால் வீணாவது குறையும். வெளியே வைத்தால், 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் 4 மணி நேரம்தான் கணக்கு. அலுவலகத்திலிருந்து கொண்டுவர, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் குளிர்காக்கும் சாப்பாட்டுப் பையும் இரண்டு பனிக்கட்டிப் பொதிகளும் போதும்.

ஸ்டெரிலைசர் விஷயத்தில் காலத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த அல்லது நோயெதிர்ப்பு குறைந்த குழந்தைக்கும்தான் பாகங்களைத் தினமும் கிருமிநீக்கம் செய்வது மிகவும் அவசியம். நீங்கள் தினமும் பம்ப் செய்யப்போவது நான்கு மாதத்துக்குப் பின். ஒவ்வொரு முறையும் சோப்பும் வெந்நீரும் கொண்டு, அதற்கென்றே வைத்த பாத்திரத்தில் கழுவி, நன்றாக உலர்த்துவதே அப்போது முக்கியம். கொதிக்க வைக்க வேண்டிய நாள்களில் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். பாட்டில் சூடாக்கும் கருவி செய்யும் வேலையை ஒரு கிண்ணம் வெந்நீர் செய்துவிடும். மைக்ரோவேவில் மட்டும் பாலைச் சூடாக்க வேண்டாம். ஓரிடத்தில் கொதித்து மறு இடத்தில் ஆறியிருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும்.

பிரா ஐந்து வேண்டாம். இப்போது வாங்கும் இரண்டோடு, பிரசவத்துக்குச் சில வாரம் கழித்து அளவு நிலைத்தபின் இன்னும் ஒன்றோ இரண்டோ போதும். கிரீம் சிறிய ட்யூபாக வாங்குங்கள். வலி தொடர்ந்தால் கிரீமால் தீராது; குழந்தை பற்றும் விதத்தை ஒருவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒரு செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பம்பின் வால்வும் மெல்லிய சவ்வும் தினசரிப் பயன்பாட்டில் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தேய்ந்துவிடும். இழுவிசை குறையும், பால் குறையும். தாய் தனக்குச் சுரப்பு நின்றுவிட்டது என்று கலங்குவாள், புதுப் பம்பே வாங்கியவர்களும் உண்டு. முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சிறிய வால்வைத்தான். ஆகவே பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டையில் உள்ள விலையோடு, எட்டு மாதத்துக்கான வால்வுகள், உங்கள் அளவுக்கான புனல், கழுவும் சிரமம் குறைய இன்னொரு தொகுதிப் பாகங்கள் ஆகியவற்றின் விலையையும் கூட்டி ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரியும் பம்பின் பாகங்கள் எளிதில் கிடைக்காவிட்டால் அது மலிவு அல்ல.

வாங்குவதற்கு முன் இரண்டு கடிதங்கள் எழுதுங்கள். ஒன்று காப்பீட்டு நிறுவனத்துக்கு: பம்பின் விலையையோ வாடகையையோ அவர்கள் ஏற்பார்களா என்று கேட்க. மற்றொன்று அலுவலகத்துக்கு: பால் எடுக்க இடைவேளையும், பூட்டக்கூடிய அறையும், குளிர்பெட்டியும் உண்டா என்று கேட்க. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு ஒப்பந்தம், பாலூட்டும் இடைவேளையைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உங்கள் நிறுவன விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, விடுப்பில் போகும் முன்பே பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த இடைவேளை சம்பளமில்லாதது என்றால், மேலே சொன்ன 100 மணி நேரக் கணக்கு உங்களுக்கு இன்னும் கனமாகும்.

விடுப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போது பம்பை வாங்கி, அன்றே பெட்டியைப் பிரித்து இயக்கிப் பார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைசி வாரத்தில் ஒரு நாள், வேலைக்குப் போவது போலவே நேரம் வைத்து, வீட்டில் இன்னொருவர் எடுத்து வைத்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்க, நீங்கள் வேறொரு அறையில் மூன்று முறை பால் எடுத்து ஒத்திகை பாருங்கள். அன்று மாலை உங்கள் பட்டியலை மறுபடி பிரித்து, அன்றைக்கு உங்கள் கை தேடிய பொருள் எதுவோ அதை மட்டும் தனிக் கணக்கில் இருக்கும் பணத்திலிருந்து வாங்குங்கள்.