தண்ணி கலக்கட்டுமா? (வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், "உங்கள் வீட்டில் தேத்தண்ணி கலக்குவது யார், யாரிடம் பழகினார்கள்?" என்று சும்மா கேட்டு வைத்தேன். சொத்துத் தகராறு பற்றிக் கேட்டபோதுகூட இத்தனை கடிதம் வந்ததில்லை. சரி, இந்த முறை முழுப் பக்கமும் தேத்தண்ணிக்கே.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக விடியற்காலை 5.30 மணிக்குத் தேத்தண்ணி. என் 19 வயது மகள் அதைத் தொடுவதே இல்லை. பேரங்காடியில் 15 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து உருண்டை போட்ட பபிள் டீ வாங்கிக் குடிக்கிறாள். பரம்பரைப் பழக்கம் என்னோடு முடிந்துவிடுமோ?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மூன்று தலைமுறை என்கிறீர்கள். அதற்கு முன்னால் எண்ணிப் பார்த்தீர்களா அம்மா? தேத்தண்ணி இருக்காது. நம் கொள்ளுப் பாட்டிமார் கப்பலேறிய காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் விடிந்ததும் நீராகாரம், இல்லாவிட்டால் கூழ். தேயிலை மலையில் விளைந்து சீமைக்குப் போனது. கூலிக்காரன் வீட்டு அடுப்புக்கு வரவில்லை. 1930-களில் உலகச் சந்தையில் விலை விழுந்து சரக்கு தேங்கியபோதுதான், உள்ளூர்க்காரனுக்கே விற்கலாம் என்று தேயிலை வாரியத்தார் ஊர் ஊராக வண்டி அனுப்பி, இலவசமாகக் காய்ச்சி ஊற்றிப் பழக்கினார்கள்.

என் பாட்டி கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் இருட்டோடு இருட்டாக ஒரு தகர மங்கு (குவளை) பால் விடாத வரக்கோப்பி. நான் தேத்தண்ணி கேட்டால், "ஏன்டா, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அவருக்கு அது இஞ்சி தட்டிப் போட்டு நோயாளிக்குக் கொடுக்கிற கசாயம். எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கதை என் அப்பாவிடமிருந்துதான் தொடங்குகிறது. 1961-இல் தோட்டத்தை விட்டு பினாங்குக்கு வந்தார். பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடையநல்லூர் பாய் ஒருவர் கடையில் தண்ணி கலக்கும் வேலை, அதாவது தேத்தண்ணி போடுவது. அப்பாவும் வீட்டுக்கு வந்தால் வரக்கோப்பிதான். "நாள் பூரா அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன், வீட்லயுமா?" என்பார்.

பபிள் டீ 1980-களில் தைவானில் வந்தது. அதுவும் தேயிலையும் பாலும்தான். அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டை மரவள்ளிக் கிழங்கு மாவு. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல் மூன்றரை வருஷம் அந்தக் கிழங்கையே தின்ற என் பாட்டி, சாகும்வரை அதை வீட்டுக்குள் விடவில்லை. இன்றைய பிள்ளைகள் அதைப் 15 வெள்ளி கொடுத்து உறிஞ்சுகிறார்கள் என்று தெரிந்தால் விளக்குமாற்றோடு எழுந்து வந்துவிடுவார்.

மகளைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களுக்கு ஒரு மங்கு கலந்து தரச் சொல்லுங்கள். முதல் நாலு தடவை வாயில் வைக்க முடியாது. குடித்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் வாங்கிய அதே தேத்தூள், அதே டின் பால் (சீனி சேர்த்த கெட்டிப் பால்). ஆனால் அந்த ருசி வரவே மாட்டேன் என்கிறது. என்ன விட்டுப்போகிறது?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவின் கையை என்னால் தர முடியாது. அப்பா செய்ததைச் சொல்கிறேன், அதில் ஏதாவது அகப்படுகிறதா பாருங்கள்.

முதலில் துணி. அம்மா கம்பி வளையத்தில் தைத்த துணிப் பையில்தானே வடித்திருப்பார்? அதைச் சோப்புப் போட்டு அலசுகிறீர்களா? அதுதான் பலர் செய்கிற தப்பு. சோப்பு வாடை நூலுக்குள் இறங்கினால் பத்து நாளைக்குப் போகாது. அப்பா புதுத் துணியை நேரே கடைக்குக் கொண்டுபோக மாட்டார். பழைய சக்கையைப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அது காவி ஏறிய பிறகே வேலைக்கு எடுப்பார். பிறகு அதன் ஆயுள் முழுக்க வெறும் வெந்நீர்தான்.

அடுத்தது தண்ணி. சூடாக இருந்தால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு மங்குக்கு இரண்டு தேக்கரண்டித் தூள், மூடி போட்டு நாலைந்து நிமிஷம். டின் பாலை மங்கின் அடியில் முதலில் விட்டு, அதன் தலையில் சாயத்தைச் சுடச்சுட ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் கரண்டி. கடைசியில் இரண்டு மங்குக்கும் நடுவில் ஐந்தாறு முறை ஆத்த வேண்டும்.

இத்தனையும் செய்து வரவில்லை என்றால், அந்த டின்னைத் திருப்பிப் பாருங்கள். படம் அதே படமாக இருக்கும். பொடி எழுத்தில் 'கிரிமர் மானிஸ்', அதாவது இனிப்புக் கிரீமர், என்று போட்டிருக்கும். பால் கொழுப்பு இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை எண்ணெய் (பாமாயில்). பால்மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு அந்த நிலத்தில் செம்பனை நட்டார்கள்; கடைசியில் அது பால் டின்னுக்குள்ளும் வந்துவிட்டது. அசல் பாலில் செய்த டின் இப்போதும் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. ஒன்று வாங்கிப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால், பெரியம்மா, சித்தி யாராவது இருந்தால் கேளுங்கள். சில வீடுகளில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: 'தே சி' என்பதில் சி என்றால் என்ன? வைட்டமின் சி என்கிறான் என் பேரன்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: டின் பாலுக்குப் பதில் சீனி சேராத, சுண்டக் காய்ச்சிய பால் ஊற்றுவது தே சி. இனிப்பு வேண்டுமானால் சீனியைத் தனியாகப் போடுவார்கள். கார்னேஷன் என்ற பால் டின்னின் முதல் எழுத்துதான் அந்த சி என்று பலர் சொல்வார்கள். ஹைனான் சீனர் பேச்சில் 'புதிய' என்பதற்கு வரும் சொல் அது என்பது வேறு சிலர் கட்சி. பேரன் சொன்னதில் இன்னும் யாரும் சேரவில்லை.

கேள்வி: என் மகன் சீனப் பெண்ணைக் கட்டப் போகிறான். நல்ல பிள்ளை. கல்யாணத்தன்று தேத்தண்ணிச் சடங்கு வேண்டும் என்கிறார்கள். "நம்ம பழக்கமா இது? என் பிள்ளை கோப்பையை ஏந்திக்கிட்டு மண்டி போடணுமா?" என்று வீட்டுக்காரர் குதிக்கிறார். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அவரிடம் ஒன்று கேளுங்கள். நம் கல்யாணத்தில் அதே பிள்ளை மணவறையைச் சுற்றி முடித்ததும் பெரியவர்கள் காலில் விழுவானா, மாட்டானா? விழும்போது கையில் கோப்பை இல்லை, அவ்வளவுதான்.

அங்கே நடப்பது இதுதான். பெரியவர்கள் வயது வரிசைப்படி உட்கார்வார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்து, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுவார்கள். செம்பேரீச்சை, லோங்கான் போட்டுக் கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு அங்பாவ் (பணம் வைத்த சிவப்பு உறை) கொடுக்க வேண்டும், நகையும் கொடுக்கலாம். அந்த 'முறை சொல்லி' என்பதுதான் முக்கியம். பெரியப்பாவுக்கு ஒரு சொல், சின்னத் தாய்மாமனுக்கு ஒரு சொல், தப்பினால் ஊரே சிரிக்கும். பெரியப்பன், சித்தப்பன், தாய்மாமன் என்று பிரித்துக் கூப்பிடுகிற நமக்கு இது புரியாதா என்ன? மகனை இப்போதே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். பெண்ணும் உங்களை ஆன்ட்டி என்காமல் அத்தை என்று கூப்பிடப் பழகட்டும்.

இன்னொன்று. தேயிலை, தேத்தண்ணி என்று நாம் சொல்கிறோமே, அந்தத் 'தே' நம்முடையதல்ல. ஹொக்கியன் சீனர்களின் 'தெ'தான் மலாய்க்காரர்களுக்கு 'தே' ஆனது, வெள்ளைக்காரனுக்கு 'டீ' ஆனது, நம்மிடமும் வந்து இலையைச் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் கேட்கிற முதல் சொல்லில் பாதி, சம்பந்தி வீட்டுச் சொத்து.

என் சித்தப்பா மகனுக்கு இப்படித்தான் கல்யாணம் நடந்தது. சடங்கு முடிந்து எல்லாரும் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். என் சித்தப்பா கோப்பியைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடித்தார். சித்தி கண்ணால் அதட்டினார். எதிரே பெண்ணின் தாத்தாவும் தட்டில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு மாமியார் புட்டியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார். "என் பிள்ளைங்க எல்லாம் இதைக் குடிச்சுத்தான் வளர்ந்துச்சு" என்கிறார்.
– வாசகி, கெப்போங், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது. தேயிலைச் சாயம் கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. பெரியவர்களே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. தோட்டத்தில் எங்களுக்கும் டின் பாலை ஊற்றித்தான் வளர்த்தார்கள். என் பல் வரிசையைப் பார்த்தால் மாமியார் வாதாட மாட்டார். சண்டை வேண்டாம், "டாக்டர் திட்டினாரு அத்தை" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தே தாரிக்கை யுனெஸ்கோ அங்கீகரித்துவிட்டதாமே! அது நம் தமிழர் கண்டுபிடிப்பு என்று ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: 2024 டிசம்பரில் பட்டியலில் சேர்ந்தது மலேசியாவின் காலைப் பசியாறும் பண்பாடு. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் அதற்குள் அடக்கம். பல இனத்தார் ஒரே மேசையில் உட்கார்ந்து பசியாறுவதற்குக் கிடைத்த பெயர் அது. அங்கே போய் நம் கொடியை நட்டால் நன்றாக இருக்காது.

ஆனால் ஆத்துவது நம் வேலைதான், அதில் சந்தேகமில்லை. மதுரையில் டீக்கடைக்காரர் ஆத்துகிறார். இங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் அதற்குத் 'தாரிக்', அதாவது இழுப்பது, என்று பெயர். மாமாக் என்பதே நம் 'மாமா'தானே. உயரத்திலிருந்து விழும்போது காற்றுப் பட்டுச் சூடு தணிகிறது, நுரை கட்டுகிறது, அடியில் கிடக்கும் டின் பால் கலந்துவிடுகிறது. அப்பா ஆத்தும்போது மங்கின் பக்கம் பார்க்கவே மாட்டார். வந்தவர் முகத்தைப் பார்த்து, "என்ன சார், லேட்டு?" என்று பேசிக்கொண்டேதான் ஊற்றுவார். பழகும்போது பட்ட சூடு இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு தழும்பாக நின்றது. அதைப் பற்றி உரக்கச் சொன்னதில்லை அவரும்.

போன மாதம் ஒரு கடையில் தே தாரிக் கேட்டேன். பெயர் வேண்டாம். பையன் ஒரு பொத்தானை அழுத்தினான், இயந்திரத்திலிருந்து நுரையோடு வந்தது. விலையில் மட்டும் உயரம் தெரிந்தது.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் யாரிடம் கற்றீர்கள்? உங்கள் பிள்ளைகள் கலக்குவார்களா?
– மூன்று வாசகர்கள் சொல்லி வைத்தாற்போல் கேட்டது

பதில்: அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை. கடைப் பக்கம் போனாலே, "போய்ப் படிடா" என்று விரட்டுவார். திருட்டுத்தனமாகப் பார்த்துப் பழகியதுதான்.

என் மனைவி கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1929-இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் அந்த மலையில் 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பிறகு நெடுங்காலம் அங்கே கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். அவள் அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை பார்த்தார். அப்படிப்பட்டவள் தேத்தண்ணி குடிக்க மாட்டாள். பள்ளிக்கூடச் சட்டையில்கூட அந்த வாடை அடிக்குமாம். வெந்நீர்தான் குடிப்பாள். மகன் கோலாலம்பூரில் ஏதோ குப்பி போட்டு அழுத்துகிற இயந்திரத்தில் கோப்பி குடிக்கிறான்.

பள்ளி விடுமுறைக்கு வரும் பேத்திக்கு 9 வயது. அவளுக்குக் குடிக்க ஆசையில்லை, ஆத்தத்தான் ஆசை. ஆறிய சாயத்தில்தான் விடுகிறேன். போன விடுமுறையில் என் இரண்டு மங்குகளையும் எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள். முதல் இழுப்பிலேயே பாதி தரையில். பாட்டி முணுமுணுத்துக்கொண்டு துடைக்கத் துணி எடுக்கப் போனாள். மீதியை என்னிடம் நீட்டினாள் பேத்தி. எனக்கு இனிப்பு நீர் வியாதி. ஆறு வருஷமாக 'தே ஓ கோசோங்' ஆள், பாலும் இல்லை, சீனியும் இல்லை. ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, டின் பாலைக் கரண்டியால் அளக்காமல் அப்படியே கவிழ்த்திருக்கிறாள். முழுக்கக் குடித்துவிட்டு மங்கைக் கழுவி வைத்தேன்.

இந்த இதழ் வீட்டுக்கு வரும்போது இந்தப் பக்கத்தை எங்கே ஒளிப்பது என்பதுதான் இப்போது யோசனை.