ரிப்போட்டில் ‘இடைநிலை’ என்று வந்தால்: அல்சைமர் பரிசோதனை பற்றிய உங்கள் கேள்விகள்

கொஞ்ச நாளாக வரும் கேள்விகள் அநேகமாக ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பிள்ளைகளிடம் வெளிநாடு போன இடத்தில், அல்லது இங்கே எடுத்த இரத்தத்தைத் தனியார் ஆய்வுகூடம் மூலம் வெளியே அனுப்பி, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அல்சைமர் பரிசோதனை செய்துவிடுகிறார்கள். முடிவு பொசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை, நடுவில் நிற்கிறது. அதற்கு வீட்டில் ஒருவரும் ஆயத்தமாக இருப்பதில்லை. ஆகவே இம்முறை அந்த நடுவில் நிற்கும் முடிவுகளைப் பற்றி மட்டும்.

அம்மாவுக்கு 72 வயது. தம்பியிடம் ரொரன்ரோ போயிருந்தபோது பி-டௌ217 இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ‘இடைநிலை’ என்று வந்திருக்கிறது. வருத்தம் இருக்கா, இல்லையா? (கோப்பாய்)

இந்த ஒரு தாளை வைத்து இருக்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. டொக்டர் மழுப்புகிறார் என்று நினைக்க வேண்டாம். பி-டௌ217 என்பது அல்சைமரில் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம். இந்தப் பரிசோதனைகளில் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடு போடுகிறார்கள்: கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் மூளையில் அல்சைமரின் அடையாளமான அமிலோயிட் என்ற புரதத்தின் படிவு அநேகமாக இல்லை, மேல்கோட்டுக்கு மேலே போனால் அநேகமாக இருக்கிறது. ஒரே கோடு போட்டால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பலருக்குப் பிழையான பெயர் சூட்டிவிடுவோம், அதனால்தான் இடையில் வேண்டுமென்றே இடம் விட்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் முதன்முதலாக லூமிபல்ஸ் என்ற இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. அதற்காகப் பார்த்த 499 பேரில் பொசிட்டிவ் வந்தவர்களில் 91.7 வீதத்தினருக்கு ஸ்கானிலோ முதுகு நீரிலோ அமிலோயிட் இருந்தது, நெகட்டிவ் வந்தவர்களில் 97.3 வீதத்தினருக்கு இல்லை. ஆனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு முடிவு இரண்டிலும் சேரவில்லை. ஆகவே உங்கள் அம்மாவுக்கு ஏதோ அபூர்வமாக நடந்துவிட்டது என்று பயப்படாதீர்கள்.

இனி நான் கேட்பது அம்மாவைப் பற்றி. புட்டுக்கு மா குழைக்கும்போது தண்ணீர் விட்டதை மறந்து திரும்பவும் விடுகிறாரா? பென்சன் காசை எண்ணித் தருவதில் தடுமாறுகிறாரா, பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறாரா, பழகிய ஒழுங்கையில் வழி தவறுகிறாரா? இவை இருந்து ஒரு வருடத்தில் கூடியும் இருந்தால் அடுத்த படிக்கு, அதாவது மூளையில் உள்ள படிவைப் படமாகக் காட்டும் அமிலோயிட் பெட் ஸ்கானுக்கோ முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பதற்கோ போவதில் நியாயம் இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லையென்றால் ஒரு வருடமளவில் அதே ஆய்வுகூடத்தில் அதே முறையில் திரும்பப் பார்க்கலாம். வேறு ஆய்வுகூடத்தில் செய்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம், அளவுகோல் வேறு வேறு.

எனக்கு 55 வயது, மறதி ஒன்றும் இல்லை. அப்பா இந்த நோயால்தான் போனார். காசு கட்டி ஒருக்கால் செய்து பார்க்கட்டா? (கொக்குவில்)

வேண்டாம். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது, அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பரிசோதனை படிவு உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைப்போம். நல்ல பரிசோதனைதான். இதை ஒரு மறதி கிளினிக்கில், 100 பேரில் 60 பேருக்கு உண்மையிலேயே படிவு இருக்கும் இடத்தில் செய்தால் 54 பேர் சரியாகவும் 4 பேர் பிழையாகவும் பொசிட்டிவ் வருவார்கள், அந்தப் பொசிட்டிவை நம்பலாம். அதே பரிசோதனையை உங்களைப்போல் அறிகுறி இல்லாத நடுவயதுக்காரர் 100 பேருக்குச் செய்யுங்கள். அவர்களில் 10 பேருக்குத்தான் படிவு என்றால் 9 பேர் சரியாகவும், மிச்சம் 90 பேரில் 9 பேர் பிழையாகவும் பொசிட்டிவ் வருவார்கள். பாதிக்குப் பாதி. இயந்திரம் மாறவில்லை, முன்னால் இருக்கும் ஆள்தான் மாறினார். தெளிவான பொசிட்டிவுக்கே இந்த நிலை என்றால் எல்லைக்கோட்டில் வரும் முடிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த 10 வீதம் நான் சும்மா எடுத்த எண் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் வெளியான கணக்கின்படி மறதி இல்லாதவர்களிலும் 50 வயதில் சுமார் 10 வீதத்தினருக்கும் 90 வயதில் 44 வீதத்தினருக்கும் மூளையில் அமிலோயிட் இருக்கிறது. இவர்களில் பலர் நினைவு நன்றாக இருக்கும்போதே வேறு காரணத்தால் காலமாகிறார்கள். படிவு இருந்தாலே நோய் என்று அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் 2024 வரையறை சொல்கிறது. ஐரோப்பியர் பலர் இருக்கும் இன்னொரு நிபுணர் குழு, அறிகுறி இல்லாதவரை நோயாளி என்று அழைக்கக்கூடாது, ‘ஆபத்து உள்ளவர்’ என்று சொன்னால் போதும் என்கிறது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அறிகுறி இல்லாதவர்களுக்கு ஆராய்ச்சிக்கு வெளியே இந்தப் பரிசோதனை வேண்டாம் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அந்தக் காசுக்கு பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பார்த்து, காது கேட்கும் அளவையும் சோதியுங்கள். இவை நான்கும் குறைக்கக்கூடிய ஆபத்துகளின் பட்டியலில் உள்ளவை.

அப்பாவுக்கு கிட்னி பழுது, கிரியேட்டினின் 2.3. பி-டௌ217 மேல்கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது என்கிறார்கள். (சாவகச்சேரி)

இதை நீங்கள் கேட்டது மிக நல்லது. சிறுநீரகம் சரியாக வடிக்காதபோது இந்தப் புரதங்கள் இரத்தத்தில் தேங்கும், மூளையில் ஒன்றும் இல்லாமலே அளவு ஏறும். அப்பாவின் எண் கோட்டை ‘கொஞ்சம்’தான் தாண்டியிருக்கிறது என்றால் அதை நான் பொசிட்டிவாக எடுக்கமாட்டேன். பொஸ்பேற் சேராத டௌ217-உடனோ அமிலோயிட் 42-உடனோ ஒப்பிட்டு விகிதமாகத் தரும் பரிசோதனை உண்டு, அதில் இந்தப் பிழை குறையும். உடம்பு மிகப் பருத்தவர்களில் இதற்கு எதிர்மாறாக நடக்கும்: இரத்தத்தின் கனவளவு கூட, எண் குறைத்துக் காட்டும். சீனி வருத்தமும் பிரஷரும் இவ்வளவு பரவிய எங்கள் ஊரில் கிட்னி ரிப்போட் பக்கத்தில் இல்லாமல் இந்தத் தாளை வாசிக்கவே கூடாது.

அமிலோயிட் 42/40 விகிதம் குறைவு, ஆனால் பி-டௌ217 நோர்மல். எதை நம்புவது? (மானிப்பாய்)

இரத்தத்தில் செய்ததென்றால் பி-டௌவை. 42, 40 இரண்டும் அமிலோயிட் புரதத்தின் இரு வகைகள். முதுகு நீரில் இந்த 42/40 விகிதம் படிவு உள்ளவர்களில் 40 முதல் 60 வீதம் வரை விழும். இரத்தத்தில் 8 முதல் 15 வீதம்தான் விழும். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை இரத்தம் எடுத்த முறையே உண்டாக்கிவிடும். எடுத்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் சுழற்றிப் பிரித்து உறைய வைக்கவேண்டும், சித்திரை வெயிலில் பெட்டிக்குள் கிடந்து போன குழாய் என்றால் அந்த விகிதத்தை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். பி-டௌ217 இதைவிடத் தாக்குப்பிடிக்கும், ஏறும்போதும் மடங்கு கணக்கில் ஏறும்.

அம்மாவின் பெட் ஸ்கானில் 22 சென்டிலோயிட். புது ஊசி மருந்து போடலாமா? (பருத்தித்துறை)

இளம் வயதினரின் சராசரியை 0 என்றும், ஆரம்ப அல்சைமர் நோயாளிகளின் சராசரியை 100 என்றும் வைத்து, மூளையில் உள்ள அமிலோயிட்டை அளக்க அமைத்த அளவுகோல் அது. 22 நடுவில் வரும் எண். அமிலோயிட் படிவை அகற்றும் புது ஊசி மருந்துகளில் ஒன்றான டொனானெமாப்பின் பெரிய பரிசோதனையில் 37-க்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை, 24.1-க்குக் கீழே வந்தவர்களை ‘படிவு நீங்கியது’ என்றே கணக்கு வைத்தார்கள். இந்த மருந்துகளால் மூளையில் வீக்கமும் சிறு இரத்தக்கசிவும் வரலாம். எனவே இந்த எண்ணுக்கு மருந்து இல்லை. அம்மாவுக்கு மறதி கடுமையாக இருந்தால் 22 அதை விளக்கப் போதாது, வேறு காரணம் தேடுங்கள்: சின்னச் சின்னப் பக்கவாதங்கள், வயதானவர்களில் டிடிபி-43 என்ற இன்னொரு புரதத்தால் வரும் மறதி.

பெட் ஸ்கானுக்கும் முதுகு நீருக்கும் எங்களுக்கு வசதி இல்லை. அம்மா அறளை பெயர்ந்திட்டா என்று அயலில் கதைக்கிறார்கள். இங்கே என்னதான் செய்யலாம்? (நல்லூர்)

நிறையச் செய்யலாம், அதுவும் இதிலிருந்துதான் தொடங்கவேண்டும். வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போங்கள். தடிமனுக்கும் கடிக்கும் வருடக்கணக்காகப் போடும் பிரிட்டன் குளிசையும், நித்திரைக்கு என்று தரும் அமிற்ரிப்ரிலினும் முதியவர்களின் நினைவைக் குழப்பும். தைரொயிட், பி12 இரண்டையும் பாருங்கள். மெற்போமின் கனகாலம் போடுபவர்களுக்கும் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது சாதாரணம். கிட்டடியில் விழுந்து தலை அடிபட்டிருந்தால் ஒரு சிரி ஸ்கான், வெளியே தெரியாத இரத்தக்கட்டு மறதி போலவே காட்டும். அப்புறம் மனச்சோர்வு. யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த, இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய் சாப்பாட்டையும் ஆட்களின் பெயரையும் மறந்தால் அது அல்சைமராக இருக்கவேண்டும் என்றில்லை. அதற்கு வைத்தியம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பவர் யாரோ அவர் கூடப் போகவேண்டும். எப்போது தொடங்கியது, முதலில் எது தவறியது, பிறகு எது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மா எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்பதையும் சொல்லுங்கள், நினைவுச் சோதனையின் புள்ளியை அதைப் பார்த்துத்தான் மதிப்பிடவேண்டும்.