‘முன்பதிவே இல்லை’ என்கிறது மகனின் ஏஐ ஏஜெண்ட்

கேள்வி: பொங்கலுக்குச் சென்னை போக, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பயண முகவரிடம் நாலு டிக்கெட் எடுத்தேன். பணம் கட்டி இரண்டு வாரம் ஆகிறது. கணினி படிக்கும் என் மகன், விமான முன்பதிவைத் தேடித் தரும் கருவி ஒன்றைத் தன் ஏஐ ஏஜெண்டில் (சொன்ன வேலையைக் கருவிகளைக் கொண்டு தானே செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரல்) இணைத்திருக்கிறான். ஆறு எழுத்து பிஎன்ஆரையும் (முன்பதிவுக் குறியீடு) என் பெயரையும் கொடுத்தால் ‘அப்படி ஒரு முன்பதிவு இல்லை’ என்கிறது. முகவரோ ‘எல்லாம் கன்ஃபர்ம்’ என்கிறார். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். விமான நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்துக்குப் போய், முன்பதிவைப் பார்க்கும் பக்கத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

உங்கள் மகனின் ஏஜெண்ட் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அதற்கு விமான நிறுவனத்தின் கணினி நேராகத் தெரியாது. கருவி கொண்டுவந்து கொடுப்பதை வாக்கியமாக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தக் கருவி எந்தக் கணக்கு வழியாகத் தேடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விமான முன்பதிவுக்கு நிரல்கள் பயன்படுத்தும் டஃபெல் போன்ற சேவைகளில், அந்தக் கணக்கில் போட்ட முன்பதிவுகள்தான் தெரியும். உங்கள் முகவர் அமேடியஸ், சேபர் என்று பயண முகவர்கள் பயன்படுத்தும் வேறு முன்பதிவு முறைகள் வழியாகப் போட்டிருந்தால், ‘இல்லை’ என்பதற்கு ‘என் கணக்கில் இல்லை’ என்றுதான் பொருள். இன்னொன்று: மகன் பயன்படுத்துவது சோதனைச் சாவியா (சோதனைத் தளத்தை மட்டும் திறக்கும் ரகசியக் குறியீடு) என்று கேளுங்கள். இப்படிக் கருவி எழுதுபவர்களுக்கென்று கொடுக்கும் சோதனைத் தளத்தில் நிஜப் பயணிகளின் முன்பதிவு எதுவும் இருக்காது. டஃபெல் சோதனைத் தளத்தில் கற்பனை விமான நிறுவனம் ஒன்றுகூடப் பறக்கிறது!

அப்புறம், பெயர். நம்மவர்களுக்கு வழக்கமாக வரும் தலைவலி இது. சிங்கப்பூர்க் கடப்பிதழில் முழுப்பெயரும் ஒரே வரியில் இருக்கிறது. முன்பதிவு முறையோ குடும்பப் பெயர் எது என்று கேட்கிறது. ‘மீனாட்சி டி/ஓ ராமையா’ (டி/ஓ என்றால் ‘இன்னாரின் மகள்’) என்றால் ஒரு முகவர் ராமையாவைக் குடும்பப் பெயராக்குவார், இன்னொருவர் மீனாட்சியை. நடுவிலுள்ள சாய்கோட்டை அந்த முறை குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கப் பயன்படுத்துவதால், பெயரிலுள்ள ‘டி/ஓ’வின் கோடு டிக்கெட்டில் வராது. ‘டிஓராமையா’ என்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் வரும். அதனால் முகவர் அனுப்பிய பயண விவரத்தில் இரண்டு பெயர்களையும் பிரிக்கும் சாய்கோட்டுக்கு முன்னால், குடும்பப் பெயராக உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுத் தேடுங்கள். நாலு பேரும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், பெரும்பாலும் மற்ற மூவரில் ஒருவர் பெயரைப் போட்டாலும் திறக்கும்.

பக்கம் திறந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிஎன்ஆர் என்பது இருக்கை பிடித்துவைத்ததன் பதிவு, டிக்கெட் வேறு. முகவர் இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு டிக்கெட் போடாமலே விட்டால், கெடு தாண்டியதும் அது ரத்தாகிவிடும். எனவே 13 இலக்க மின்டிக்கெட் எண் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்குங்கள். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618. பல மலிவுக் கட்டண விமானங்களில் இந்த எண்ணே இருக்காது. அங்கே பாக்கித் தொகை ஏதும் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் பிஎன்ஆரை ஏஜெண்டிடம் கொடுத்தது தப்பா?

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொடுத்தது வீட்டுச் சாவி என்பது தெரிந்திருக்கட்டும். பல விமான நிறுவனங்களில் பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் இருந்தால் போதும், கடவுச்சொல் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபோட் தன் போர்டிங் பாஸ் படத்தை இன்ஸ்டகிராமில் போட்டார். அதிலிருந்த எண்ணை வைத்து ஒருவர் அவருடைய கடப்பிதழ் எண் வரை போய்விட்டார். 2020ல் அது செய்தியானது. மகனின் கருவிக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும். மாற்றவும் ரத்து செய்யவும் அனுமதி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். ‘ரத்து செய்தால் எவ்வளவு கிடைக்கும்?’ என்று விளையாட்டாகக் கேட்டதை அது உத்தரவாக எடுத்துக்கொண்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்? 2024ல் ஏர் கனடாவின் சாட்பாட் தப்பாகச் சொன்னதற்கு அந்நிறுவனம் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் சொன்னது. ஆனால் அது நிறுவனமே வைத்திருந்த பாட். உங்கள் ஏஜெண்டோ வீட்டுப் பிள்ளை வைத்தது.

டிக்கெட் எண் தராமல் முகவர் இழுத்தடித்தால், அவருக்குச் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்யலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும். பணம் கட்டிய ரசீது பத்திரம்.