எரியும் குப்பையும் மிஞ்சும் சோறும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளின் வற்புறுத்தலால் குப்பையைப் பிரித்து மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் போடத் தொடங்கியிருக்கிறோம். “இங்கே எல்லாவற்றையும் எரித்துவிடுகிறார்கள், பிறகு எதற்கு இந்தப் பாடு?” என்கிறார் கணவர். அடுத்த மாதம் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். அழைத்தவர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்கிறார் மாமியார். பெயருக்குச் செய்வதாக இல்லாமல், உண்மையிலேயே பயன் தரும்படி ஒரு குடும்பம் எங்கிருந்து தொடங்குவது?

வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அடுக்குமாடி வீடுகளின் குப்பைக் குழாயில் விழுவது எரியாலைக்குத்தான் போகிறது. ஆனால் எரித்தபின் குப்பையின் கொள்ளளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறதே தவிர, மறைந்துவிடுவதில்லை. எஞ்சும் சாம்பலைத் துவாஸிலிருந்து படகுகளில் ஏற்றிச் செமக்காவ் தீவின் நிரப்புநிலத்துக்கு, அதாவது கழிவைக் கொட்டி நிரப்பும் இடத்துக்கு, கொண்டுபோகிறார்கள். 1999ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அதைத் தவிர நமக்கு வேறு நிரப்புநிலம் கிடையாது. அதுவும் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. ஆகவே, எரித்துவிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் குழாயில் போடுவதைக் குறைக்கும் அக்கறை நமக்குக் கூடியிருக்க வேண்டும்.

மகளின் உழைப்பு வீணாகாமலிருக்க ஒன்றைக் கவனியுங்கள். நீலத் தொட்டிகளில் சேர்வதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாமல் போகிறது. தாள், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் எல்லாம் ஒரே தொட்டியில் விழுவதால், குழம்பு ஒட்டிய ஒரு டப்பா அருகிலுள்ள செய்தித்தாள்களையும் கெடுத்துவிடுகிறது. மைலோ டின்னையும் பால் போத்தலையும் ஒருமுறை அலசிப் போடுங்கள். எண்ணெய் ஊறிய பொட்டலத் தாளும் டிஷ்யூவும் அதில் சேரவே கூடாது.

பேரங்காடிப் பைகளைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் வருந்துகிறார்கள். 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆயினும் ஈரக்குப்பையைக் கட்டாமல் குழாயில் கொட்டினால் கரப்பான்பூச்சி பெருகும், அதற்கு ஒரு பை வேண்டியதுதான். மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை எரித்தே கிடைப்பதால், குளிர்சாதனத்தை 25 பாகைக்குக் கீழே இறக்காமல் மின்விசிறியையும் சேர்த்துப் போடுவது பைகளைக் காட்டிலும் பெரிய காரியம்.

நான் தொடங்கச் சொல்லும் இடம் சமையலறை. 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு 7 லட்சத்து 50 ஆயிரம் டன்னுக்கும் மேல். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட மறுபயனீடு செய்யப்படவில்லை. நாம் உண்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. தேக்கா சந்தையில் வாங்கும் கத்தரிக்காய்க்குப் பின்னால் யாரோ இறைத்த நீரும், லாரியோ கப்பலோ விமானமோ எரித்த எண்ணெயும் இருக்கின்றன. குளிர்பெட்டியின் மூலையில் அது வாடிக் குழாயில் விழும்போது அவ்வளவும் சேர்ந்து போகிறது. நம் வீடுகளில் இது கஞ்சத்தனத்தால் நேர்வதில்லை, தாராளத்தால் நேர்கிறது என்பதே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. வாரத்தில் ஒரு நாள் கடைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதைக்கொண்டே சமையுங்கள். மிஞ்சிய இட்லி உப்புமாவாகட்டும், மிஞ்சிய காய்கள் கூட்டாகட்டும்.

இனி அறுபதாம் கல்யாணம். வெளியிலிருந்து தருவிக்கும் உணவைச் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பதால், மிஞ்சியதை மறுநாள் யாருக்கும் கொடுக்க முடியாது. உங்கள் மாமியார், விருந்தாளி ‘போதும், போதும்’ என்று இலையை மறைக்கும்வரை பரிமாறுவதையே உபசாரமாகக் கருதும் தலைமுறையைச் சேர்ந்தவராக இருக்கலாம். அந்த மனத்தை மதித்தே ஏற்பாடு செய்யலாம். அழைத்தவர்களுக்குத் தொலைபேசியில் பேசி வருகையை உறுதிசெய்துகொண்டு, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் சொல்லுங்கள். அவரவர் எடுத்துக்கொள்ளும் புஃபேக்குப் பதிலாகப் பந்தி வையுங்கள். முதல் சுற்றில் குறைவாக வைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு மறுபடி பரிமாறும்படி உறவுப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். அந்த மேற்பார்வையை மாமியாரிடமே ஒப்படையுங்கள்.