நீங்கள் சேர்த்த அந்த ஒரு வரிதான் வழக்கு

கேள்வி: சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். 2025 மே 9 இரவு, ஜலந்தரில் ட்ரோன் தாக்குதல் என்று ஒரு வீடியோ வந்தது. அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "நம்ம சூலூர் ஏர்போர்ஸ்லயும் ட்ரோன் இறக்கியாச்சு, ராத்திரி கரண்ட் கட், கன்ஃபார்ம் நியூஸ்" என்று கீழே எழுதினேன். சிலர் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு ஓடியிருக்கிறார்கள். காலையில் பொய் என்று தெரிந்ததும் "தப்பா போட்டுட்டேன், யாரும் நம்பாதீங்க" என்று போட்டுவிட்டு, பழையதை அழித்துவிட்டேன். இப்போது வாட்ஸ்அப்பிலேயே போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. பி.என்.எஸ். 353, 197 என்று இருக்கிறது. கைது செய்வார்களா? ஒன்பதாவது படிக்கும் பையன் அனுப்பியதாகச் சொல்லிவிடு என்கிறார் நண்பர். குழு அட்மின் என் மச்சான். அவரையும் இழுப்பார்களா?

பதில்: பையன் பேச்சை முதலில் விடுங்கள். பொய் சொல்லி அவனைச் சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்பப் போகிறீர்களா? அந்த நண்பரிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். பி.என்.எஸ். என்பது பாரதிய நியாய சன்ஹிதா, எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சொல்லும் சட்டம். அதில் 353(1), மக்களிடம் பீதி கிளப்பக்கூடிய பொய்ச் செய்தி, வதந்தி பற்றியது. 197(1)(டி) நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான பொய்த் தகவல் பற்றியது. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டுமே ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜாமீனை ஸ்டேஷனில் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம்தான் தர வேண்டும், அவ்வளவுதான் அர்த்தம்.

353இல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சொன்னது உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட எண்ணம் இல்லாமல் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால் குற்றம் ஆகாது. உங்கள் செய்தியை இந்த இடத்தில் இரண்டாகக் கிழித்துப் பார்க்க வேண்டும்.

மேல் பாதி வீடியோ. மே 8 இரவு பாகிஸ்தானிலிருந்து நிஜமாகவே ட்ரோன்கள் வந்தன. 36 இடங்களில் 300 முதல் 400 வரை என்று ராணுவமே மறுநாள் சொன்னது. அந்தச் சூழலில் ஜலந்தர் வீடியோவை ஒருவர் நம்பியதில் ஆச்சரியமில்லை. அது வயலில் பிடித்த தீ என்று மத்திய அரசின் செய்தி அலுவலகமான பி.ஐ.பி.யின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு விளக்கியது. வீடியோவிலேயே 7:39 என்று நேரம் ஓடுகிறது, தாக்குதல் தொடங்கியதோ அதற்குப் பிறகு. இதையெல்லாம் ராத்திரியில் தறிக்கூடத்தில் உட்கார்ந்து கவனித்திருக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்க்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கீழ்ப் பாதிதான் சிக்கல். சூலூர் வரி யாரிடமிருந்தும் வரவில்லை, நீங்கள் எழுதியது. "கன்ஃபார்ம்" என்று வேறு. யார் கன்ஃபார்ம் செய்தார் என்று விசாரணை அதிகாரி கேட்பார். டீக்கடையில் யாரோ சொன்னார், வானத்தில் விளக்கு தெரிந்தது, எதுவாக இருந்தாலும் நடந்ததை அப்படியே எழுதி வையுங்கள். நியாயமான காரணம் என்று நாம் வாதாட அதுதான் கையில் இருக்கும். "ஒருவேளை நம்ம படை உண்மையாகவே சூலூரில் ட்ரோன் இறக்கியிருக்கலாமே" என்று மட்டும் வாதிடக் கிளம்பாதீர்கள். உண்மையான படை நகர்வை வெளியே சொல்வது 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்துக்குள் கொண்டுபோய் விடும். அது இதைவிட ஆழமான கிணறு.

அடுத்து நோட்டீஸ். பி.என்.எஸ்.எஸ். என்பது கைது, விசாரணை, ஜாமீன் நடைமுறையைச் சொல்லும் சட்டம். அதன் 35(3)இல், விசாரணைக்கு வரச் சொல்லித் தரும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நோட்டீஸை நேரில் முறைப்படி தரும்படி ஒரு வரி எழுதி, ஒத்துழைப்பதாகவும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வந்ததும் வக்கீலோடு போங்கள். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதனால் கைது வாய்ப்பு குறைவு. பயம் போகவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 482ஆவது பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம்.

ஸ்டேஷனில் "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, விட்டுடறோம்" என்று அன்பாகச் சொல்லக்கூடும். எழுதாதீர்கள். போலீஸ் விசாரணையில் பதியும் வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட வேண்டியதில்லை. போனை எடுத்துக்கொண்டால் கைப்பற்றிய பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அழித்ததைப் பற்றி. வழக்கு வரும் முன்பே, பொய் பரவக்கூடாது என்று அழித்தீர்கள், அதை விளக்கிவிடலாம். இனிமேல் எதையாவது அழித்தால் சாட்சியத்தை ஒழித்ததாக பி.என்.எஸ். 241ஆவது பிரிவு தனியாக வரும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் போனை ரீசெட் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள், என்ன சொல்ல!

அட்மின் விஷயம் எளிது. வெறும் அட்மினாக இருந்தவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. ஆனால் மச்சான் பயந்துபோய்க் குழுவைக் கலைத்து, போனையும் சுத்தம் செய்துவிடப் போகிறார். இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். "தப்பா போட்டுட்டேன்" என்ற உங்கள் செய்தி, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்ற நேரத்தோடு, அவர் போனிலும் இருக்கிறது. உங்கள் போன் போலீஸிடம் போய்விட்டால் நமக்கு அதுதான் சாட்சி.