வள்ளிமலையை எத்தனை மணிக்கு ஏறுவது? பொன்னையாற்றுக் கரையில் ஒரு நாள்

கேள்வி: வேலூரிலிருந்து கிளம்பி ஒரே நாளில், புராணக் கதை நடந்ததாகச் சொல்லும் மலை, சுனை, ஆறு எல்லாம் பார்த்துத் திரும்ப வேண்டும். இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா கூட வருகிறார்கள். போன முறை திருவலம் பார்த்துவிட்டு வள்ளிமலை போனோம். பாதிப் படியிலேயே திரும்பிவிட்டோம். எங்கே தப்பு? (குடியாத்தம் வாசகர்)

வரிசையில்தான் தப்பு. காட்பாடியிலிருந்து போகும்போது திருவலம் முதலில் வருவதால் எல்லாரும் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். அதை முடித்து வள்ளிமலை அடிவாரம் சேர்வதற்குள் பதினொன்று ஆகிவிடும். செருப்பைக் கீழே விட்டு ஏறுவது வழக்கம். அந்த நேரத்துக்குக் கருங்கல் படி தோசைக்கல்தான். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாலும் மதிய நடை சாத்தியிருக்கும்.

எனவே தலைகீழாகப் போங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, திருவலம், சேர்க்காடு கூட்டு ரோடு, மேல்பாடி மூன்றையும் நிற்காமல் தாண்டினால், சுமார் 25 கிலோமீட்டரில் வள்ளிமலை. பிறகு ஆறு ஓடும் போக்கிலேயே மேல்பாடி, திருவலம் என்று இறங்கி வரலாம்.

படிகள் நானூற்றுச் சொச்சம். பிள்ளைகளோடு நின்று நின்று ஏற நாற்பது நிமிடம் வையுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பங்குனிக்கு மேல் ஒன்றரை. பிளாஸ்டிக் கவரைக் கையில் தொங்கவிடாதீர்கள். உள்ளே என்ன இருந்தாலும் குரங்குக்குக் கவர் என்றாலே தீனிதான். தோளில் மாட்டும் துணிப்பை போதும். அம்மா ஏற வேண்டியதில்லை. அடிவாரத்திலேயே முருகன் கோயிலும் குளமும் இருக்கின்றன.

மேலே கதையை இடம் இடமாகப் பொருத்திப் பார்க்கலாம். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்த்தான். அவள் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் வீசிக் குருவி ஓட்டினாள். கிழவனாக வந்த முருகன் தினைமாவும் தேனும் வாங்கித் தின்று, விக்கல் என்று தண்ணீர் கேட்டான். அவள் கூட்டிப்போய்க் காட்டியதுதான் சூரியன் காணாத சுனை என்பார்கள். பெயரில் மிகை ஒன்றுமில்லை. பாறை இடுக்கில் வெயில் நேராக விழாததால் தண்ணீர் ஆவியாவது குறைவு. குனிந்து பார்க்கலாம், கால் நனைக்க வேண்டாம், ஓரமெல்லாம் பாசி. அண்ணனாகிய பிள்ளையார் யானையாக வந்து வள்ளியை மிரட்டினாரே, அந்த யானையைப் பாறை வடிவிலேயே காட்டுவார்கள். காலையில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போதுதான் பிள்ளைகள் கண்ணுக்கு அது பிடிபடும். உச்சி வெயிலில் வெறும் பாறைதான் தெரியும்.

பலர் தவறவிடுவது சமணக் குகை. தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும், கங்க மன்னன் இராசமல்லனைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டும் இதே மலையில் இருக்கின்றன. வள்ளிமலைக்கு வந்தவர்களிடம் 'குகைக்குப் போனீர்களா' என்றால் பாதிப் பேர் விழிப்பார்கள். அடிவாரத்திலேயே வழி கேட்டுக்கொள்ளுங்கள். சிற்பத்தில் மஞ்சள் குங்குமம் பூசுவதும், எழுத்து தெரிய வேண்டுமென்று கல்வெட்டில் சாக்பீஸ் தேய்ப்பதும் கூடாது. தொல்லியல் துறை ஆள் கண்டிப்பார் என்பதற்காக அல்ல, கல் கெட்டுவிடும்.

ஒன்பதரைக்குள் இறங்கிவிட்டால் மேல்பாடிக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். அங்குள்ள அரிஞ்சிகை ஈசுவரம் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசனின் நினைவாக எழுப்பிய கோயில். புராணம் கிடையாது, வெறும் வரலாறு. பிள்ளைகள் சலித்துக்கொண்டால் சுருக்கிக்கொள்ளுங்கள்.

திருவலத்தைப் பதினொன்றே காலுக்குள் பிடியுங்கள். வில்வநாதர் சன்னதியில் நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி வெளியே பார்க்கிறது. சிற்பி செய்த பிழை அல்ல. அபிஷேகத்துக்குக் காஞ்சனகிரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த அர்ச்சகரைக் கஞ்சன் என்ற அசுரன் மறித்தானாம். நந்தி போய் அவனைத் துண்டு துண்டாக்கியது. இன்னும் அந்தத் திசையில் காவல் இருக்கிறது. இனி மலைக்கு அலைய வேண்டாமென்று சிவன் ஆற்றையே 'நீ வா' என்று கூப்பிட, அது நீவா நதியானது. பொன்னையாற்றின் இன்னொரு பெயர் அதுதான். அசுரனின் நெற்றி, அதாவது லலாடம், விழுந்தது லாலாப்பேட்டை. கால்கள் விழுந்தவை வடகால், தெங்கால் என்று ஊர்ப்பெயருக்கும் கதை உண்டு. கால் என்றால் வாய்க்கால் என்றும் பொருள். ஏரிப் பாசன ஊர்களில் அந்தப் பொருள்தான் பொருந்தும் என்பது நம் கட்சி. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

மாசித் தேர், ஆடிக் கிருத்திகை நாட்களில் இந்தத் திட்டம் வேலைக்கு ஆகாது. தேர் மலையையே சுற்றி வருவதால் வண்டி நிறுத்தவே ஒரு மணி நேரம் போய்விடும். அக்னி நட்சத்திரமும் வேண்டாம். மார்கழி முதல் மாசித் தொடக்கம் வரை நல்ல காலம்.

ஐப்பசி, கார்த்திகையில் போவதானால் ஒரு எச்சரிக்கை. வேலூரில் தூறல்கூட இல்லாமல் பொன்னையில் வெள்ளம் வரும்; சித்தூர் பக்கம் கலவகுண்டா அணை திறந்தால் போதும். 2021 டிசம்பரில் திருவலம் அருகே ரயில் பாலமே பழுதாகி ரயில்கள் நின்றன. மணல் காய்ந்து கிடக்கிறதே என்று பிள்ளைகளை ஆற்றுக்குள் விளையாட விடாதீர்கள்.